பாதி வாய்

பெயிண்டர் வாயைத் திறந்ததும் மார்க் அக்காவுக்கு முதலில் விளக்கின் மேல்தான் சந்தேகம் வந்தது. நாற்காலிக்கு மேலே தொங்கும் அந்த விளக்கு அவ்வப்போது தன்னிஷ்டத்துக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்துகொள்ளும். கையை உயர்த்தி அதை நேராக்கினார். வாய் மாறவில்லை. பெயிண்டரின் இடப்பக்கப் பற்கள் கழுவிக் கவிழ்த்த கிண்ணங்கள் மாதிரி வெளுத்திருந்தன. வலப்பக்கப் பற்களிலோ ஈறை ஒட்டிச் சிவப்புச் சாயம் திட்டுத்திட்டாக அப்பியிருந்தது. முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே யாரோ நூல் பிடித்துக் கோடு போட்ட மாதிரி ஓர் எல்லை. ஒரே வாய்க்குள் இரண்டு பேர் தனித்தனியாகக் குடியிருப்பது போலிருந்தது.

"இன்னும் கொஞ்சம் பெருசா திறங்கண்ணே."

பெயிண்டர் திறந்தார். அவர் கண்கள் மட்டும் மார்க் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. பரீட்சைத் தாளைத் திருத்தும் டீச்சருக்கு எதிரே நிற்கும் பையனின் கண்கள்.

மார்க் அக்கா கழுத்தில் தொங்கிய சிறு மைக்கில், நாற்காலியில் இருப்பவருக்கு எண் பிடிபடாதபடி முணுமுணுப்பாகச் சொல்லத் தொடங்கினார். "மூணு. மூணு. நாலு. மூணு." வலப்பக்கம் முடிந்து கோட்டைத் தாண்டினார். "ஒண்ணு. பூஜ்யம். பூஜ்யம். ஒண்ணு." சொல்லும்போதே தன் குரலில் ஓர் ஆச்சரியம் ஏறுவது அவருக்கே கேட்டது. உடனே குரலைத் தட்டையாக்கிக்கொண்டார். அவர் வேலைக்கு ஆச்சரியம் ஆகாது.

அவருடைய வேலையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஓர் அலுவலகக் கட்டிடத்தின் மேல் மாடியில், கண்ணாடிக் கடைக்கும் காப்பீட்டு அலுவலகத்துக்கும் மேலே, பற்பசைகளைச் சோதித்துப் பார்க்கும் நிலையம் ஒன்று இருந்தது. பற்பசை செய்கிறவர்கள் புதிதாக ஏதாவது கலந்துவிட்டு, இது பல்லைக் காக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் காக்கிறதா என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும் அல்லவா? சொத்தை விழுகிறதா இல்லையா என்று பார்க்க வருடக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். ஆனால் சொத்தைக்கு முன்னால் பல்லின் மேல் ஒரு படலம் படியும். குளத்துப் படிக்கட்டில் பாசி பிடிப்பது மாதிரி, கண்ணுக்குத் தெரியாமல், ஒரே இரவில். சாயத்தை வாயில் ஊற்றிக் கொப்புளித்தால் படலம் இருக்கும் இடமெல்லாம் சிவந்துவிடும். அந்தச் சிவப்பைப் பல் பல்லாகப் பார்த்துப் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மதிப்பெண் கொடுப்பதுதான் அவர் வேலை. அதனால்தான் சோதனைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவரை மார்க் அக்கா என்றார்கள். அதிகம் வாங்கினால் மோசம் என்கிற ஒரே பரீட்சை இதுதான் என்று காத்திருக்கும் அறையில் ஒரு வேடிக்கை உண்டு.

காத்திருக்கும் அறையே தனி வேடிக்கை. சோதனை நாளன்று காலையில் பல் துலக்காமல் வர வேண்டும் என்பது கட்டளை. ஆகையால் அங்கே இருக்கும் அத்தனை பேரும் வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் பேசுவார்கள். தெரியாத ஆள் யாராவது எட்டிப் பார்த்தால், இத்தனை பேரும் சேர்ந்து ஏதோ சதி செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போவார்.

இந்த முறை சோதனைக்கு வந்திருந்தது இரண்டு பசைகள். ஒன்று சாதாரணப் பசை. மற்றது அதே பசைதான். கூடவே படலம் ஒட்டவிடாமல் தடுக்குமென்று சொல்லப்பட்ட புது மருந்தொன்று. இரண்டும் பெயரோ படமோ இல்லாத வெள்ளை டியூப்களில் இருந்தன. யாருக்கு எது என்று நிலையத்தின் பொறுப்பாளருக்கு மட்டும் தெரியும். அவரைத் தராசு சார் என்பார்கள். மாதாமாதம் எல்லாரும் திருப்பிக் கொண்டுவரும் டியூப்களை எடை போட்டு, ஒழுங்காகத் துலக்குகிறார்களா என்று பார்ப்பது அவர் பழக்கம். துலக்குகிறவருக்குத் தன்னுடையது எது என்று தெரியாது. மார்க் கொடுக்கிறவருக்கும் தெரியக் கூடாது. தெரியவே கூடாது. இது நல்ல பசைக்காரர் வாய் என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால், பிறகு எந்தக் கண்ணாலும் அந்த வாயை உள்ளபடி பார்க்க முடியாது. மூன்றா இரண்டா என்று தயங்குகிற இடத்தில் கண் தானாகவே இரண்டு என்று சொல்லிவிடும்.

முன்பு ஒரு தடவை, மார்க் அக்காவுக்கு முன்னால் இந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அம்மாளிடம், யாருக்கு எது என்று எப்படியோ கண்டுபிடித்துவிட்ட ஒரு வாயாடி நாற்காலியில் சாய்ந்தபடியே எல்லாவற்றையும் உளறிவிட்டார். அத்தோடு அந்தச் சோதனை முழுக்கக் குப்பைக்குப் போயிற்று. அந்த அம்மாள் கீழ்மாடியில் அறிக்கைத் தாள்களில் ஸ்டேப்ளர் பின் குத்தும் பிரிவுக்குப் போனார். நல்ல கண் அவருக்கு; பிறகு அந்தக் கண் காகிதத்தைத்தான் பார்த்தது. மார்க் அக்கா படியேறும்போதெல்லாம் அந்தக் கதவைத் தாண்டித்தான் வருவார்.

ஆக, ஒரு வாய் பாதி வெள்ளை பாதி சிவப்பாக இருந்தால், ஏன் என்று கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. முதல் மாதம் அதே பெயிண்டருக்கு இரண்டு பக்கமும் ஒரே சிவப்பு. அது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. முகம் மறந்தாலும் அவருக்கு வாய் மறக்காது. கடைத்தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் அசட்டுத்தனமாகச் சிரித்துவைப்பார். எதிராளியும் சிரித்த பிறகுதான், அட, மேல்வரிசைக் கோரைப்பல் திரும்பிய அண்ணன், என்று பிடிபடும்.

"எந்தப் பக்கம் மென்னு சாப்பிடுவீங்க?" என்று கேட்டார். இது கேட்கலாம்.

"எந்தப் பக்கம் இடம் இருக்கோ அந்தப் பக்கம்" என்றார் பெயிண்டர். கொப்புளித்துத் துப்பிவிட்டு, "எப்படிக்கா இருக்கு? ரெண்டு பக்கமும் ஒரே மாதிரியா?" என்று கேட்டார்.

யாரும் இப்படிக் கேட்டதில்லை. 'நல்லாயிருக்கா' என்று கேட்பார்கள். 'எத்தனை மார்க்' என்று கேட்பார்கள். இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கேட்கிற மனிதரை மார்க் அக்கா இப்போதுதான் பார்க்கிறார்.

"அதெல்லாம் சொல்லக் கூடாதுண்ணே. போயிட்டு வாங்க."

அன்று சாயங்காலம் வீட்டில் அவருக்கு நிலைகொள்ளவில்லை. சாப்பாட்டு மேசையில் மகள் வழக்கமான பல்லவியைத் தொடங்கினாள். "பேஸ்ட் தீர்ந்துபோச்சும்மா. என்ன பேஸ்ட் வாங்கட்டும்?"

"ஏதாவது வாங்கு. ரெண்டு நிமிஷம் ஒழுங்கா தேய்ச்சா போதும்."

"பாருங்கப்பா. வாழ்நாள் முழுக்கப் பேஸ்ட்டா டெஸ்ட் பண்ணிட்டு, எது நல்லதுன்னு கேட்டா ஏதாவதுன்னு சொல்றாங்க. வெளிய சொன்னா என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க."

"உங்கம்மாவுக்குத் தெரியும். கம்பெனி ரகசியம், சொல்ல மாட்டா" என்றார் அவள் அப்பா. பற்பசை டியூப்பை எப்போதும் நடு வயிற்றில் அமுக்கி, மனைவியிடம் திட்டு வாங்குகிற மனிதர்.

"சத்தியமா தெரியாதுங்க" என்றார் மார்க் அக்கா. விளையாட்டாகத்தான் சொல்ல வந்தார். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அது உண்மைதானே. இத்தனை சோதனைகளில் ஒன்றுக்குக்கூட முடிவு என்ன என்று யாரும் வந்து அவரிடம் சொன்னதில்லை. மதிப்பெண்கள் போகும், எங்கேயோ கூட்டிக் கழிப்பார்கள், அதற்குள் அடுத்த சோதனைக்கு வேறு வெள்ளை டியூப்கள் வந்து இறங்கிவிடும். ஒரு தடவை தராசு சாரிடம் கேட்டதற்கு, "எனக்கே அவங்க சொல்லலம்மா" என்றுவிட்டார். கதையைக் கடைசிப் பக்கம் கிழிந்த புத்தகத்திலேயே படித்துப் படித்துப் பழகிவிட்ட மாதிரிதான்.

கை கழுவியதும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பையில் ஒரு சாயப் புட்டி இருந்தது. வாயில் ஊற்றிக் கொப்புளித்துக் கண்ணாடியில் தன் பற்களைப் பார்த்தார். வலது கைக்காரர்களுக்கு இடப்பக்கம் கை நன்றாக எட்டும், அதனால் அந்தப் பக்கம் சுத்தமாக இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்ததுதான். அவருக்கும் இடப்பக்கம் கொஞ்சம் வெளுப்பு. ஆனால் கொஞ்சம்தான். இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு, அவ்வளவே. நடுவில் கோடு இல்லை. விரலால் உதட்டை இழுத்துப் பிடித்து, மூக்கு கண்ணாடியில் இடிக்கும்படி நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது மகள் கதவைத் திறந்தாள்.

"ஐயோ! அம்மா! வாயெல்லாம் ரத்தம்!"

"கத்தாதடி. சாயம்."

"வேலையை வீட்டுக்குக் கொண்டுவராதேன்னு அப்பா சொல்றது இதுக்குத்தானா?"

மகள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். கையின் வேலை மட்டும் இது இல்லை என்று நிச்சயமான பிறகு, மார்க் அக்காவுக்கு அந்த மாதம் போதும் போதுமென்றாகிவிட்டது. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கொட்டாவி விட்டால்கூட இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

அடுத்த சோதனை நாளில் பெயிண்டர் வந்தார். எப்போதும் போல மனைவியும் கூட வந்திருந்தார். அந்த அம்மாள் தையல்காரர். அவரும் இதே சோதனையில்தான் இருந்தார். கணவருக்கு ஒரு டியூப், மனைவிக்கு ஒரு டியூப். முதலில் பெயிண்டர் நாற்காலியில் ஏறினார். வாயைத் திறந்தார்.

கோடு இன்னும் தெளிவாகியிருந்தது.

மார்க் அக்கா மதிப்பெண்களைச் சொல்லி முடித்துவிட்டுக் கேட்டார். "அண்ணே, எந்தக் கையால துலக்குவீங்க?"

"ரெண்டு கையாலயும்."

"அதென்ன ரெண்டு கை?"

"ஏணி மேல நின்னு பெயிண்ட் அடிக்கிறவனுக்கு ரெண்டு கையும் ஒண்ணுதான். இடது பக்கம் ஒரு நாளைக்கு இந்தக் கை, மறுநாள் அந்தக் கை. நியாயமா இருக்கணும்ல?"

"யாருக்கு நியாயம்?"

பெயிண்டர் கொஞ்சம் விழித்தார். பிறகு, பிடிபட்டதில் ஒரு சந்தோஷமும் வந்த மாதிரி, மெதுவாகச் சொன்னார். "ரெண்டு பேஸ்ட்டுக்கும்."

மார்க் அக்காவின் கை தானாகவே மைக்கை அணைத்தது. "ரெண்டு பேஸ்ட்டா?"

"என்னோடது ஒண்ணு. வீட்டுக்காரியோடது ஒண்ணு. ஒரு பக்கம் இது, ஒரு பக்கம் அது."

"ஐயையோ, என்னண்ணே இது!"

"கோபப்படாதீங்கக்கா. ரெண்டு பெயிண்ட்ல எது நிக்கும்னு பார்க்கணும்னு வெச்சுக்கங்க. ஒரு வீட்டுல இதையும் இன்னொரு வீட்டுல அதையும் அடிச்சா என்ன தெரியும்? அங்க சாரல் அடிக்கும், இங்க வெயில் அடிக்கும். ஒரே சுவத்துல பாதி இது, பாதி அது. அப்பதான் தெரியும்."

"இது சுவரா? சுவத்துல எச்சில் ஊறுமா? நீங்க போட்ட கோட்டுக்கு அந்தப் பக்கமே நுரை கையைக் கட்டிக்கிட்டு நிக்குமா?"

"அதுக்குத்தான் ஒரு பக்கம் முடிச்சு நல்லாக் கொப்புளிச்சிட்டு, பிரஷ்ஷையும் கழுவிட்டு அடுத்த பக்கம் போறது. என் வேலையில நான் மோசம் பண்ண மாட்டேன்கா. இப்ப சொல்லுங்க, ஒரு பக்கம் நல்லாயிருக்குல்ல? உங்க குரல்லயே தெரிஞ்சுதே. அந்த இடது பக்கத்துக்கு நான் போட்டது வந்து..."

மார்க் அக்கா உறை மாட்டிய உள்ளங்கையால் அவர் வாயைப் பொத்தினார். வெள்ளை உறையில் சாயம் ஏறியது.

"சொல்லாதீங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். அது யாருதுன்னு எனக்குத் தெரிஞ்சுதுன்னா நாளைக்கு நான் இந்த ஸ்டூல்ல உட்கார முடியாது. இத்தனை பேரும் மாசாமாசம் வந்து வாயைத் திறந்து காட்டினதெல்லாம் வீண்."

பெயிண்டர் பொத்திய கைக்குள்ளேயே தலையாட்டினார். ஆனால் மார்க் அக்கா கையை உடனே எடுக்கவில்லை. அந்தச் சில நொடிகளில் அவருக்குள் என்னென்னவோ ஓடியது. உள்ளங்கைக்குக் கீழே, உதடுகளுக்குப் பின்னால், அந்தச் செய்தி வெதுவெதுப்பாகத் துடித்துக்கொண்டிருந்தது. கையைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். யாரும் பார்க்கவில்லை, மைக்கும் அணைந்திருக்கிறது. ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு கதையின் கடைசிப் பக்கம். இரண்டு பசையும் ஒரே எச்சிலில், ஒரே சாப்பாட்டில், ஒரே மனிதனின் பிடிவாதத்தில் ஊறிக் காட்டியிருக்கும் பதில். உடனே கீழ்மாடிக் கதவும், காகிதத்தில் பின் குத்தும் சத்தமும் நினைவுக்கு வந்தன. கையை எடுத்தார். எடுத்ததும், "எதுக்குண்ணே இதெல்லாம்?" என்று கேட்டார். அதையாவது தெரிந்துகொள்ளலாமே.

பெயிண்டர் கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அவ பல்லைத்தான் பார்த்திருக்கீங்களே. பின்னால பாதி போயாச்சு. இருக்கிறதும் ஆடுதா நிக்குதான்னு தினம் விரலை வெச்சுப் பார்த்துக்கறா, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு. எனக்கு என்ன, ஆணியைக்கூடக் கடிப்பேன். நல்ல பேஸ்ட் எனக்கு வந்து, சும்மா பேஸ்ட் அவளுக்கு வந்திருந்தா? அப்படியிருந்தா சத்தம் போடாம மாத்தி வெச்சிடலாம்னு பார்த்தேன்."

"ரெண்டுலயும் சொத்தைக்கான மருந்து இருக்கு. யாருக்கும் கெடுதல் கிடையாது."

"அதைத்தான் எல்லாரும் சொல்றீங்க. ஆனா அந்த இன்னொண்ணு ஒண்ணுல மட்டும்தானே இருக்கு?"

மார்க் அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்தார். அவர் தராசு சாரைக் கூப்பிட்டார்.

தராசு சார் வந்து, எல்லாவற்றையும் கேட்டு, நெற்றியைத் தடவிக்கொண்டார். "அதானே பார்த்தேன். உங்க டியூப் கொழுகொழுன்னு திரும்பி வருது. அம்மாவோடது காத்துப்போன பலூன் மாதிரி வருது. பல்லு கம்மியா இருக்கிறவங்க எப்படி இவ்வளவு பேஸ்ட்டைத் தீர்க்கறாங்கன்னு மண்டையைப் பிச்சுக்கிட்டிருந்தேன்." பிறகு முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார். "நீங்க இனி இதுல இல்ல. உங்க மார்க்கை எடுத்துடறேன். அந்தம்மா வாயில அவங்க பேஸ்ட் மட்டும்தான் போயிருக்கு. அவங்க இருக்கலாம், இஷ்டப்பட்டா. டியூப்பை மட்டும் உங்களுக்கு எட்டாத இடத்துல வைக்கச் சொல்லணும்."

"சரிங்க சார்" என்றார் பெயிண்டர். எழுந்திருக்கவில்லை. "அப்ப நான்தான் வெளியாள் ஆயிட்டேனே. என் வாயை நானே ஒரு தடவை கண்ணாடியில பார்த்துக்கலாமா? சாயம் போறதுக்குள்ள?"

தராசு சார் மார்க் அக்காவைப் பார்த்தார். சோதனையில் இருக்கும் யாருக்கும் கண்ணாடி காட்டுவதில்லை. காட்டினால் மறுநாளிலிருந்து சிவப்பு இருந்த இடத்தையே போட்டுத் தேய்ப்பார்கள். ஆனால் இந்த மனிதர் இப்போது சோதனையில் இல்லை. தன் வாயைப் பார்க்காதே என்று ஒருவரைத் தடுக்க யாரால் முடியும்? பெயிண்டருக்கு எந்தப் பக்கம் எந்த டியூப் என்று தெரியும். எந்தப் பக்கம் வெள்ளை என்று கண்ணாடி சொல்லிவிடும். இரண்டையும் சேர்த்தால் அவர் முகத்தில் அது எழுதி ஒட்டியதுபோலத் தெரிந்துவிடும். சந்தோஷத்தை ஒளிக்கத் தெரிந்த முகம் இல்லை அது; வருத்தத்தை ஒளிக்கவும் தெரியாது.

"நான் வெளிய நிக்கறேன்" என்றார் மார்க் அக்கா.

நடைபாதையில் தையல்கார அம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு சட்டை. பொத்தான் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது, கத்தரிக்கோல் இல்லையா?"

"பையில இருக்கு. பல்லு பக்கத்துல இருக்கு" என்று சொல்லிவிட்டு, நினைவு வந்தவராய் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு தலையைச் சாய்த்துக் கேட்டார். "மாட்டிக்கிட்டாரா?"

மார்க் அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்களுக்குத் தெரியுமா?"

"என் டியூப் மூடியை நான் இறுக்கி மூடுவேன். அவர் தொட்டா பாதிதான் மூடுவார். கல்யாணம் ஆன நாள்லருந்து அப்படித்தான். பெயிண்ட் டப்பா எத்தனை காஞ்சுபோயிருக்கு தெரியுமா? காலையில எழுந்து பார்த்தா மூடி சாஞ்சிருக்கும். சரி, என்னதான் பண்றார்னு பார்க்கலாம்னு விட்டுட்டேன்."

"கேக்கவே இல்லையா?"

"கேட்டா நிறுத்திடுவார்ல? அப்புறம் எதுக்குன்னு தெரியாமலே போயிடும்." அம்மாள் ஊசியைச் சட்டையின் காலரில் குத்தி வைத்தார். "கதவு இடுக்குல ஒரு நாள் பார்த்தேன். வாயில பாதி தேய்க்கறார், கொப்புளிக்கறார், பிரஷ்ஷைக் கழுவறார், மறுபடி பாதி தேய்க்கறார். மனுஷனுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னே நினைச்சேன். எதுக்காம்க்கா?"

மார்க் அக்கா வாயெடுத்தார், சொல்லவில்லை. "அவரையே கேளுங்க" என்றார்.

அந்தக் குரலில் அம்மாளுக்கு என்ன கேட்டதோ, கையை வாயிலிருந்து எடுத்துவிட்டார். சட்டையைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார்.

கதவு திறந்தது. பெயிண்டர் தொப்பியை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். கண்ணுக்கு வழி இல்லாமல் கதவு நிலையில் இடித்துக்கொண்டார். "என்ன கூத்து இது?" என்றது தராசு சாரின் குரல் உள்ளேயிருந்து. "அக்காவுக்குத் தெரியக் கூடாதுன்னீங்களே சார்" என்றது தொப்பி.

மார்க் அக்கா சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எதிரே, தீப்பிடித்தால் எந்த வழியாக ஓட வேண்டும் என்று சொல்லும் ஓர் அறிவிப்பு. அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். பின்னால் பெஞ்சு கிரீச்சிட்டது, பெயிண்டர் உட்கார்ந்துவிட்டார். கிசுகிசுப்பு தொடங்கியது. நீளமாக, நிற்காமல், மூச்சுவிடும் இடத்தில் மட்டும் தடுக்கி. அந்த அம்மாள் ஒரே ஒரு தடவை "ம்" என்றார். பிறகு ஒரு சத்தம். சிரிப்பா, அழுகையா, மூக்கை உறிஞ்சியதா? மார்க் அக்காவின் கழுத்து நரம்பு முழுவதும் திரும்பு திரும்பு என்றது. தீப்பிடித்தால் மின்தூக்கியைப் பயன்படுத்தக் கூடாது என்று இன்னொரு முறை படித்தார். இதற்கு முன் எத்தனையோ பேர் வாயைக் கூச்சமில்லாமல் உற்றுப் பார்த்தவருக்கு, இரண்டு பேர் முகத்தைப் பார்க்காமல் இருப்பது இவ்வளவு கஷ்டமாக இருக்குமென்று தெரிந்திருக்கவில்லை.

தராசு சார் வந்து அந்த அம்மாளிடம் சொன்னார். "இன்னைக்குச் சோதனை முடிஞ்சதும், மேல தொடர்றீங்களா வேண்டாமான்னு எங்கிட்ட மட்டும் வந்து சொல்லுங்க. அக்காகிட்ட ஒண்ணும் பேசக் கூடாது."

ஆனால் அடுத்த மாதம் இந்த அம்மாள் வராமல் நாற்காலி காலியாக இருந்தால், அதுவே பதிலைச் சொல்லிவிடாதா? மார்க் அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆட்கள் நின்றுபோவதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். வீடு மாறுவார்கள், உடம்புக்கு முடியாமல் போகும், அலுத்துப்போகும். அந்த ஆயிரத்தையும் உண்மையாகவே நம்ப வேண்டும். நம்பினால்தான் கண் தப்பிக்கும்.

புது உறை மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். தையல்கார அம்மாள் நாற்காலியில் சாய்ந்தார். சாயத்தை வாயில் வாங்கி, கன்னங்களை இப்படியும் அப்படியும் உப்பிக் கொப்புளித்துத் துப்பினார். மார்க் அக்கா அவருடைய நெற்றியைப் பார்த்தார், காதைப் பார்த்தார், கண்ணை மட்டும் பார்க்கவில்லை.

"அக்கா."

"வாயைத் திறங்கம்மா."

"டியூப் பத்தி இல்லக்கா. பல்லைப் பத்தியும் இல்ல. அவரைப் பத்தி. ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன். யார்கிட்டயாவது சொல்லணும் போல இருக்கு."

அவரைப் பற்றிச் சொன்னால் அதில் டியூப் வராமல் இருக்குமா? வராமலும் சொல்லலாம். இந்த அம்மாள் கெட்டிக்காரர், சொல்லத் தெரிந்தவர். இல்லை, ஒரு சொல் வாய் தவறி வந்தாலும் போச்சு. மார்க் அக்காவுக்குக் கேட்க வேண்டும் போலவும் இருந்தது, காதை மூடிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. "முதல்ல மார்க் போட்டுடறேன்" என்று மட்டும் சொன்னார்.

அம்மாள் வாயைத் திறந்தார். மார்க் அக்கா மைக்கைப் போட்டு, மேல்வரிசையின் ஒரு கோடியில் தொடங்கினார். விளக்கை நேராக்கினார். இருக்கிற பல்லை மட்டும் பார்த்தார். இல்லாத பல்லின் வெற்றிடத்தைத் தாண்டினார். ரெண்டா, மூணா என்று தயங்கும் இடங்களில் நின்று, குனிந்து, தலையைத் திருப்பி, எது உண்மையோ அதையே சொன்னார். மேல்வரிசை முடிந்து கீழே இறங்கினார். ஒவ்வொரு பல்லிலும் வழக்கத்தைவிட அதிகம் தங்கினார். இது முடிந்தால் வாய் மூடும். மூடிய வாய் பேசத் தொடங்கும். வாய் திறந்திருக்கிற வரையில் யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

திறந்த வாய்க்குள், சிவந்த பற்களின் நடுவே, நாக்கு மட்டும் சும்மா இருக்கவில்லை. எழும்பியது, சுருண்டது, சொல்லை உருட்டிக்கொண்டு மேலண்ணத்தைத் தொட்டது. மார்க் அக்கா தன் சின்னக் கண்ணாடியின் முதுகால் அதை மெல்ல ஒதுக்கிப் பிடித்தார். கையில் பிடித்த குருவி போல அது அந்தக் குளிர்ந்த வட்டத்தின் அடியில் துள்ளிக்கொண்டே இருந்தது. அவர் அடுத்த பல்லுக்குப் போனார்.